ஒரு கோழிகூடச் சாகாத கோடை

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நீயும் நலம், உன் கோழிகளும் நலம் என்று உன் கடிதமே கத்திச் சொல்கிறது. அந்த நலம்தான் என்னை இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார வைத்திருக்கிறது.

உன் கடிதம் வந்தபோது உன் அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். உன் அக்கா மல்லிகா மெஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன். கல்யாண மண்டபம் பேசி முடித்தது, பத்திரிகை அச்சுக்குப் போனது, உனக்கு மாமனாராகப் போகிறவர் தன் தீவனக் கடையிலிருந்தே உன் பண்ணைக்கு எல்லாம் அனுப்புவது, எல்லாம் கேட்கச் சந்தோஷம். நடுவில் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். நான் பேரணாம்பட்டு ரோட்டில் பண்ணை வைத்திருந்த காலத்தில் தீவனத்தில் ஒரு மஞ்சள் பொடி கலப்பேனே, மூட்டைக்கு அது எந்த அளவு என்பது ஒன்று. கல்யாணத்தன்று மணையிலிருந்து எழுந்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் பால் பழம் கொடுக்க அக்கா மாட்டேன் என்கிறாளே, அவளுக்கு உன்மேல் என்ன கோபம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அது ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை. கடைசியில் பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், “இந்தக் கோடையில் நம் ஷெட்டில் ஒரு கோழிகூடச் சாகவில்லை அப்பா” என்று. அதற்கும் வருகிறேன். பொறுமையாகப் படி.

நான் எப்படி மேலே வந்தேன் என்று உனக்குத் தெரியும். தோல் பதனிடுகிற ஷாப்பில் உப்புத் தோல் சுமந்தவன், சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றவன். அப்புறம் சைக்கிள் கேரியரில் முட்டைக் கூடை கட்டிக்கொண்டு ஆம்பூர் பஜாரில் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினேன். வாங்கி விற்பதைவிட வளர்த்து விற்பதில்தான் காசு இருக்கிறது என்று புரிந்ததும் ஷெட் போட்டேன். அந்தக் காலத்தில் கோழி வளர்ப்பவனுக்குச் சாவு புதிது இல்லை. வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி இருந்தது. மற்றதற்கு வழி இல்லை. விடிந்ததும் ஷெட்டுக்குள் போய், கவிழ்ந்து கிடப்பதையெல்லாம் காலைப் பிடித்துத் தூக்கிவந்து ஓடைப் பக்கம் போடுவதுதான் முதல் வேலை. நாய்கள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும். மேலே பருந்து சுற்றும். பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அப்போதெல்லாம் என் ஷெட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கோளாறு வந்தால் கண்முன்னே கவிழ்ந்து கிடந்தது.

காதர் பாயை உனக்கு ஞாபகம் இருக்கும். வந்தால் உனக்கு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வருவார். தோலின் உள்பக்கத்திலிருந்து சுரண்டி எடுக்கிற சவ்வு, வெட்டிப் போடுகிற காது, வால், இதையெல்லாம் ஷாப்புகளில் மொத்தமாக எடுத்து, உப்புப் போகக் கழுவி, பாலாற்று மணலில் காயவைத்து, அரைத்துத் தூளாக்கி விற்பார். கோழித் தீவனத்தில் அதைக் கலந்தால் சதை பிடிக்கும், முட்டை பெரிசாக வரும். நியாயமாகப் பார்த்தால் அதைக் கொதிக்க வைத்த பிறகுதான் காயப்போட வேண்டும். பாய் கொதிக்க வைப்பதை எப்போதோ விட்டிருந்தார். நான் ஒரு தடவை கேட்டேன்.

“இன்னாத்துக்கு தோஸ்த் வெறவு செலவு? மேல பாரு,” என்று வானத்தைக் காட்டினார். “வேலூர் வெயிலு. மனுசனே வெந்துபோறான். கிருமி மட்டும் இன்னா, கொட புடிச்சிகினா நிக்கும்?”

நானும் சிரித்தேன். நம் பக்கத்துக்காரனுக்கு வெயில்மேல் ஒரு நம்பிக்கை உண்டு. வடாமா, மிளகாயா, தோலா, எதுவானாலும் வெயிலில் போட்டு எடுத்துவிட்டால் சுத்தம் என்று நினைப்போம். வெயிலைத் திட்டிக்கொண்டே அதன் தலையில் எல்லா வேலையையும் கட்டுவோம். நான் ஆற்று மணலில் போய்ப் பார்த்திருக்கிறேன். மேல்பக்கம் காய்ந்து மொறமொறவென்று இருக்கும். காலால் புரட்டினால் அடியில் ஈரம் மின்னும். பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அப்புறம்தான் அந்தப் பொடி வந்தது. ஸ்கூட்டரில் வந்த மருந்துக் கம்பெனி ஆள் ஒரு டின்னைத் திறந்து காட்டினான். மஞ்சள் என்றால் நம் சமையல் மஞ்சள் இல்லை, கொஞ்சம் பச்சை ஓடிய, கண்ணை உறுத்துகிற மஞ்சள். மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கிற கேப்ஸ்யூலுக்குள் இருக்கிற அதே சரக்கு. வியாதி வந்தால் கொடுக்க வேண்டாம், வராமலே இருக்கத் தினமும் தீவனத்தில் கொஞ்சம் தூவினால் போதும் என்றான். தூவினேன். கொஞ்ச நாளில் சாவு கம்மியானது. அப்புறம் அறவே நின்றது.

நம்ப மாட்டாய், முதலில் நான் ஆடிப் பாடினேன். போகப்போக ஒரு மாதிரி ஆனது. விடியற்காலையில் வழக்கம்போல நாய்கள் ஓடைப் பக்கம் வந்து உட்காரும். நான் வெறுங்கையோடு வெளியே வருவேன். அவை என் கையைப் பார்க்கும், பிறகு ஷெட் வாசலைப் பார்க்கும். சில நாள் அப்படிக் காத்திருந்துவிட்டு, ஒருநாள் வரவே இல்லை. பருந்தும் வேறு பக்கம் போய்விட்டது. ஷெட்டைச் சுற்றி இருந்த உயிரெல்லாம் விலகி, உள்ளே கோழிகள் மட்டும் மிச்சம். அவற்றிலும் ஒரு சோணி கிடையாது, தலை தொங்கின ஒன்று கிடையாது. எல்லாம் ஒரே பருமன், ஒரே வெள்ளை. நான் உள்ளே நுழைந்தால் அத்தனை தலையும் ஒரே சமயம் என் பக்கம் திரும்பும். தீவனத்தைக் கொட்டிவிட்டு, தேவையில்லாத வேகத்தோடு வெளியே வருவேன்.

ஒருநாள் பாய் என் கோழியில் பிரியாணி போட்டு என்னைக் கூப்பிட்டார். தொடைக் கறியைக் கடித்தவர் எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“தோஸ்த், இதப் பாரு. உன் கோழிங்க எலும்புக்குள்ளயே மஞ்சக் குளிச்சிருக்கு. பூப்பு நீராட்டா, கல்யாணமா?”

“உன் மசாலா ஒட்டியிருக்கும், தொடைச்சிட்டு சாப்டு பாய்,” என்றேன்.

அவர் துடைத்தார். நிறம் போகவில்லை. நாங்கள் சிரித்தோம், சாப்பிட்டோம். ஆனால் அவர் அந்த எலும்பை மற்ற எலும்புகளோடு போடாமல் தட்டு ஓரத்தில் தனியாக வைத்தார்.

பாய் விளையாட்டாகச் சொன்ன பூப்பு நீராட்டு அந்த வருஷமே நம் வீட்டில் வந்தது. மல்லிகா பெரியவள் ஆனாள். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அக்காவை ஏன் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அழுதாய். உன் அத்தை, என் கூடப் பிறந்தவள், நல்லெண்ணெய்ப் போணியோடு வந்து இறங்கினாள். பெரியவளான பெண்ணுக்கு இடுப்பு எலும்பு பலப்படக் காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே ஒரு மடக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். வேறு வீட்டுக்காரர்கள் அதற்கு நாட்டுக்கோழி முட்டை தேடி அலைவார்கள். எனக்கு என்ன குறை? ஷெட்டில் புகுந்து, இருப்பதிலேயே பெரிய முட்டையாகக் கையில் உருட்டிப் பார்த்து எடுத்துவருவேன்.

மல்லிகாவுக்கு அது ஆகாது. வாயை இறுக்கிக்கொள்வாள். “அய்ய, நாத்தம் அத்தே. வழவழன்னு உயிரோட இருக்கற மாதிரி இருக்கு.”

“உயிரோட இருக்கறது தாண்டி ஒடம்புல சேரும்,” என்பாள் அத்தை. “நாளைக்கு நீ புள்ள பெத்துக்க வேணாமா? மூக்கப் புடி, தலையத் தூக்கு.”

நானும் பக்கத்தில் நின்று, “நம்ம ஊட்டு முட்டைமா, கண்ண மூடிகினு முழுங்கிடு,” என்பேன். என் பேச்சுக்காகத்தான் விழுங்குவாள். விழுங்கிவிட்டுக் கண்ணில் தண்ணீர் நிற்க என்னைப் பார்த்து, ஆயிற்றா என்பது போலப் புருவத்தைத் தூக்குவாள்.

நீராட்டுக்கு முன்பே காய்ச்சல் வந்தது. வயிற்றுப்போக்கோடு ஆரம்பித்து, உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு டைபாய்டாக இருக்கும் என்று சொல்லி கேப்ஸ்யூல் கொடுத்தார். அதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே அதே மஞ்சள். எனக்கு உயிர் வந்தது. கோழிகளையே சாகாமல் நிறுத்திய மருந்து, என் பெண்ணை விட்டுவிடுமா? வேளை தவறாமல் கொடுத்தோம். காய்ச்சல் அசையவில்லை. அளவைக் கூட்டினோம். காய்ச்சலும் கூடியது. சும்மா சொல்லவில்லை, மருந்து உள்ளே போன பிறகு அவள் உடம்பு இன்னும் தெம்பாகக் கொதிக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பிடித்த பண்டத்தை எடுத்துப் போடுகிற மாதிரி. உன்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவளை டாக்ஸியில் படுக்க வைத்து வேலூருக்கு ஓடினோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து, அதில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்பினார். கிருமியை வளர்ப்பார்களா என்று நான் விழித்தேன். வளர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு வட்டமான கண்ணாடித் தட்டைக் காட்டினார். உறைந்த கஞ்சி மாதிரி ஒரு பரப்பு, அதன்மேல் கண்ணாடியில் மூச்சுவிட்டால் படிகிற மாதிரி மெல்லிய வெண்மை. “அதுதாங்க உங்க பொண்ணு ரத்தத்துல இருந்தது,” என்றார். அதன்மேல் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன காகித வட்டங்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டால் அந்தக் காகிதத்தைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வெற்று வளையம் தெரியும். மஞ்சள் மருந்தை அவர் விரலால் காட்டினார். வளையமே இல்லை. கிருமி அந்தக் காகிதத்தின் ஓரம்வரை வந்து, பூனை அடுப்போரம் படுக்கிற மாதிரி, ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. மற்ற காகிதங்களும் அப்படியே. ஒன்றே ஒன்றைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம்.

“இது டைபாய்டு இல்லீங்க. டைபாய்டுக்குப் பங்காளின்னு வெச்சிக்கங்க. சாப்பாட்டு வழியா வர்றது,” என்றார். “எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்த மஞ்ச மருந்த இந்தக் கிருமி முன்னாடியே எங்கியோ பாத்துப் பழகியிருக்கு. உங்க வீட்ல யாராச்சும் இத ரொம்ப நாளா சாப்பிடறாங்களா?”

“மனுசங்க யாரும் இல்லீங்க,” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. டாக்டரம்மாவும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாளே ஷெட்டிலிருந்து முட்டை, தீவனம், பாய் கொடுத்த தூள் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் வளர்த்தார்கள். திரும்பத் தட்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். பாயின் தூளில் இருந்தது பழக்கப்படாத கிருமி. அந்தத் தட்டில் காகிதத்தைச் சுற்றி வளையம் அகலமாக இருந்தது. வேலூர் வெயிலுக்குத் தப்பி மணலுக்கடியில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தது அவ்வளவுதான். அது மருந்துக்குச் செத்துவிடுகிற சாது. ஆனால் முட்டையில் இருந்ததும் மல்லிகா ரத்தத்தில் இருந்ததும் ஒரே அச்சு. அந்தச் சாது என் ஷெட்டுக்குள் போய்த்தான் இப்படி ஆகியிருக்கிறது.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நாம் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொத்தையை ஒதுக்கி நல்லதை எடுப்போமே, அந்தப் பொடி கிருமிக்கு அதைத்தான் செய்திருக்கிறது. தினமும் கொஞ்சம் தூவ, மருந்துக்குச் சாகிற சோணியெல்லாம் ஒழிந்து, சாகாதது மட்டும் மிஞ்சிக் குட்டி போட்டு, அதிலும் சாகாதது மிஞ்சி, இப்படியே தரம் பிரித்துக்கொண்டே போயிருக்கிறேன். கோழிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அது பாட்டுக்குத் தின்று கொழுத்து, வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, முட்டையில் அனுப்பியிருக்கிறது. அந்த ஷெட்டில் நான் கோழி வளர்க்கவே இல்லை தம்பி. ஷெட் நிறைய வேறொன்றை வளர்த்திருக்கிறேன். கோழிகள் அதற்குக் கூண்டு.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் பேரணாம்பட்டு ரோட்டு டீக்கடைக்காரர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் முட்டை எடுப்பவர். ஆப்பாயில் போட்டுத் தானும் சாப்பிடுவார், லாரிக்காரர்களுக்கும் கொடுப்பார்.

“இன்னா மொதலாளி, நீங்களும் இங்கதானா?” என்று சிரித்தார். “எனக்கு ஒரே பேஜாரா கீது. காய்ச்சலு எந்த மாத்திரைக்கும் மசிய மாட்டேங்குது.”

நான் திரும்ப உள்ளே போய், இது மாதிரி வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் பெயர் சொல்லவில்லை, ஊர்களை மட்டும் சொன்னார். குடியாத்தத்தில் ஒரு பிள்ளை பெற்றவள். பள்ளிகொண்டாவில் ஒருவர். காட்பாடியில் ஒரு வீட்டில் எல்லோருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் அடுத்த ஊரை மனதுக்குள் சொன்னேன், அது சரியாக வந்தது. என் முட்டை வண்டி போகிற வழி. அந்தந்த ஊரில் வண்டி எந்த மரத்தடியில் நிற்கும், யார் கூடையோடு ஓடிவருவார்கள் என்றுகூட எனக்குத் தெரியும்.

அந்த ஒற்றை வளையத்து மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அது பலிக்காவிட்டால் வேறு இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். உன் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நம்ம ஊட்டு முட்டன்னு நம்பித்தான குடுத்தோம்,” என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. மல்லிகா உதடு கறுத்து, கண் உள்ளே போய், சுவரோடு பேச ஆரம்பித்திருந்தாள். பிறகு ஒருநாள் விழித்து, “அப்பா, இன்னிக்கும் முட்டையா?” என்று கேட்டாள். அவள் பிழைத்துவிட்டாள் என்று அப்படித்தான் தெரிந்தது. உன்னிடம் அக்காவுக்கு டைபாய்டு என்று சொல்லி முடித்துக்கொண்டோம்.

ஆனால் முடியவில்லை. சிலருக்கு உடம்பு தேறிய பிறகும் அது உள்ளேயே தங்கிவிடுமாம். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, தின்பார்கள், தூங்குவார்கள், சிரிப்பார்கள். அவர்கள் கையால் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. மல்லிகாவைத் திரும்பத் திரும்ப வரச் சொல்லிப் பரிசோதித்தார்கள். அவள் பூசினாற்போல் ஆகி, கன்னம் பளபளத்து, பார்த்தவர்கள் கண்ணு படும் என்று சொன்ன காலத்தில் எல்லாம் தட்டில் அது வளர்ந்துகொண்டே இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு ஷெட்டில் ஒரே சமயத்தில் திரும்புகிற அந்த ஆரோக்கியமான தலைகள் ஞாபகம் வரும். பெற்ற தகப்பன் நினைக்கக் கூடாததுதான். நினைத்தேன்.

டாக்டரம்மா அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். குழந்தை என்று மறைக்கவில்லை. அன்றிலிருந்து உன் அக்கா அடுப்படிக்குள் நுழைந்தது இல்லை. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருப்பதை நீ தையல் வேலையால் என்று நினைத்திருப்பாய். வரன் வந்தபோதெல்லாம் மாட்டேன் என்றாளே, திமிர் என்று நீ சண்டை போட்டாயே, அப்போது என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? “போற ஊட்டுல மொத நாளு பாயசம் வெக்கச் சொல்வாங்கப்பா. நான் இன்னான்னு சொல்லுவேன்?” கடைசியாகப் பார்த்த சில பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை, சுத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டு, “ஒளிஞ்சிகினு இருந்தா?” என்றாள். பாலாற்றை மேலே பார்த்தால் வெறும் மணல், தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது, அந்த மாதிரி என்றாள். உனக்குப் பால் பழம் கொடுக்க மாட்டாள் என்றால் உன்மேல் கோபம் இல்லை தம்பி. உன்னையும் அந்தப் பெண்ணையும் அது அண்டாமல் காப்பாற்றுகிறாள்.

ஷெட்டை என்ன செய்தேன் என்று கேட்பாய். விற்க மனசு வரவில்லை. காதர் பாய்தான் ஷாப்பிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவந்தார். குழி வெட்டி, அத்தனை கோழிகளையும் போட்டுச் சுண்ணாம்பு கொட்டினோம். கடைசிவரை எல்லாம் கொழுகொழுவென்று, நோய் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லாமல் இருந்தன. பாய் அன்றைக்கு ஒரு ஜோக் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கொதிக்க வைக்காமல் ஒரு பிடி தூள் விற்றதில்லை. ஆனால் நான் மூடினதால் அது மூடிக்கொள்ளவில்லை. என் எரு எத்தனையோ வயலுக்குப் போயிருந்தது. என் கலவையைப் பார்த்துச் சொந்தமாகக் கலந்தவர்கள் எத்தனையோ பேர். பல வருஷம் கழித்து டாக்டரம்மாவைப் பார்த்தபோது, என் வண்டி ஒருநாளும் போகாத ஊர்களிலிருந்து அதே தட்டு வருகிறது என்றார். அந்த ஒற்றை வளையமும் இப்போது சிறுத்துக்கொண்டு வருகிறதாம்.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். நான் வியாபாரி. எதிரில் இருப்பவன் எதைக் கேட்கிறான் என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார்த்தே பிழைத்தவன். பொடியின் அளவு என்ன, இனிமேல்தான் போடப் போகிறேன் என்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். அதே கடிதத்தில் இந்தக் கோடையில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்கிறாய். காட்பாடிக்கு அந்தப் பக்கம், தகரக் கூரைக்கு அடியில், இந்த வெயிலில் ஒரு கோழிகூடச் சாகாதா? டின்னை நீ எப்போதோ திறந்துவிட்டாய் தம்பி. உன் மாமனார் கொடுத்த டின்னாக இருக்கும். நீ போடுகிற அளவு சரிதானா என்று பார்க்கத்தான் என்னைக் கேட்கிறாய். சரியான அளவு என்று ஒன்று கிடையாது. அதுதான் என் பதில்.

உன் மாமனாரைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் விற்பதை அவரும் விற்கிறார். நீ போய்ச் சண்டை போடாதே. “எங்க அப்பாவுக்கு ஆகாது,” என்று என் தலையில் பழியைப் போட்டு டின்னைத் திருப்பிக் கொடு. வியாதி வந்த கோழிக்கு வியாதி வந்தபோது டாக்டரைக் கேட்டு மருந்து கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டில் தூவாதே. ஷெட்டில் கூட்டத்தைக் குறை, காற்று வர விடு, தண்ணீர்த் தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவு. லாபம் கம்மியாகும். சில கோழிகள் சாகும். சாகட்டும். கல்யாண விருந்துக்கு உன் ஷெட்டிலிருந்து ஒரு முட்டையோ கோழியோ மண்டபத்துக்கு வரக் கூடாது. இருக்கிற முட்டையை வெளியே அனுப்பாதே, கோழி எச்சத்தையும் முட்டையையும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் வளர்த்துப் பார்க்கச் சொல். தட்டைக் காட்டுவார்கள். வளையம் இருக்கிறதா என்று நீயே குனிந்து பார். நாளைக்கு உன் வீட்டிலும் ஒரு பெண் பிறப்பாள், பெரியவளாவாள், யாராவது ஒரு அத்தை நல்லெண்ணெய்ப் போணியோடு வந்து நிற்பாள்.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன் என்றேன் அல்லவா. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மெஷின் சத்தம் நின்றது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, “நல்ல சேதிதான?” என்றாள். மல்லிகா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள்.

“ஒண்ணுகூடவா சாகல?” என்று கேட்டாள்.

நான் கடிதத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். அவள் எழுந்து போய், எதையும் தொடாத கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினாள். துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“தாலிக்கு முடிச்சு போட நாத்தனார் நான்தான் வரணும், எனக்குத் தெரியும்பா. வர்றேன். ஆனா அவன் ஷெட்ல மொத கோழி செத்ததும் எனக்கு ஒரு கார்டு போடச் சொல்லு. அந்தக் கார்டு வந்தாத்தான் வருவேன்.”

கோழி செத்தால் நீ நிறுத்திவிட்டாய் என்று அவளுக்கும் எனக்கும் தெரிந்துவிடும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, நாள் நெருங்குகிறது. மதியம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டேன். சாவுச் செய்தி எப்போது வரும் என்று காத்திருக்கிறேன், தம்பி. சீக்கிரம் எழுது.

உன்
அப்பா